செடிக்குக் காய்ச்சும் சரக்கு

ஒரகடத்தில் கரியமில வாயுவுக்குப் பஞ்சமில்லை. கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் தயாராகும் வட்டாரம். மிக் வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காற்று அண்டாமல் காப்பது இந்த கேஸ்தான்; தனியாக, அல்லது ஆர்கானோடு கலந்து. அந்த லைனில் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வருகிறவர், அதே கேஸுக்காகச் சர்க்கரை டப்பாவைக் கவிழ்க்கிறார் என்றால் காரணம், ஜன்னலோரத்து இரண்டடி மீன்தொட்டி.

கொளத்தூர்க் கடையில் செக்கச்செவேலென்று நின்ற செடி, வீட்டுக்கு வந்ததும் வெளிறிப் பாசி போர்த்திக்கொள்கிறது. கேட்டால், "சிஓடூ குடுங்க சார்" என்பார்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், சோலினாய்டு வால்வு என்று கூட்டிப் பார்த்தால் தொட்டியின் விலையையே தாண்டிவிடும். உடனே ஈஸ்ட் வைத்தியம் ஆரம்பம்.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், கால் கிலோ சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். டியூபுக்கு மெடிக்கல் ஷாப்பில் டிரிப்ஸ் செட். அதில் சொட்டு விழும் குப்பியைத் தலைகீழாக மாட்டிப் பாதி தண்ணீர் விட்டால், குமிழி எண்ணும் கருவி ரெடி. ஐசியூ வாசலில் நிற்கும் சொந்தக்காரர் மாதிரி நம்மவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ரோலரை மட்டும் இறுக்கக் கூடாது. ஈஸ்ட் நிறுத்தாது, பாட்டில்தான் வெடிக்கும்.

சிக்கல் வாசனையில். ஈஸ்ட் தின்னும் சர்க்கரையில் எடைக்குப் பாதி கேஸாகும், மறுபாதி சாராயமாகும். "என்ன தம்பி காய்ச்சுறீங்க?" என்று ஹவுஸ் ஓனர் மாடியேறி வருவார். "செடிக்கு சார்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தில் மீன்தொட்டிக்கு விலக்கு இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

சித்திரை வெயிலில் ஈஸ்டுக்கு ஏக உற்சாகம். முதலில் பொங்கும், சீக்கிரமே படுத்துவிடும். சூடான தண்ணீரில் கேஸ் கரைவதும் குறைவு. ராத்திரி லைட்டை அணைத்தாலும் குமிழி நிற்காது. செடியும் ஆக்சிஜனை இழுக்கும். விடிந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

செடித்தொட்டிக் கலையை உலகுக்குப் பரப்பிய ஜப்பானியர் தகாஷி அமானோகூட ஆரம்பத்தில் சோடாவைத்தான் ஊற்றிப் பார்த்தார் என்பார்கள். 2015-இல் காலமானார், அதே வருடம் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர். அவ்வளவுக்கும் சோடா வாங்க முடியாது.

இரண்டடித் தொட்டிக்கு உருப்படியான வழி ஆப்ப சோடாவும் சிட்ரிக் ஆசிடும்தான். தலா 200 கிராம், தனித்தனி பாட்டிலில் தண்ணீர் விட்டு வைத்தால், கிட்டத்தட்ட 100 கிராம் கேஸ் கிடைக்கும். இரண்டையும் இணைக்கும் வால்வு மூடியை மட்டும் கடையில் வாங்கிவிட வேண்டும். வாசனை இல்லை, ராத்திரி ஊசி வால்வைத் திருகி மூடலாம். பாட்டில் கேஸ் பானத்துடையதாகவே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

மிச்சம் பிடிப்பதைச் சர்க்கரையிலோ டியூபிலோ பிடியுங்கள், ஒருவழி வால்வில் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்ததும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியே பாட்டிலுக்கும் தரைக்கும் வரும். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்பவர்கள் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வாங்கலாம். அவை தனியாக கேஸ் கேட்பதில்லை.