டிவி அணையும்வரை அழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் டிவி மெக்கானிக் ஒருவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். பேட்டரி கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடித்தது, குழந்தை போட்டு உடைத்தது, காப்பி கொட்டியது என்று செத்த ரிமோட்டுகள் தினமும் வரும். அதே மாடல் கிடைக்காவிட்டால் யுனிவர்சல் ரிமோட். டிவி வீட்டில் இருக்கிறதே, அதனால் கோட் போட நானே போவேன்.

ரிமோட்டோடு வரும் கோட் புத்தகத்தில் கம்பெனி பெயருக்கு எதிரே மூன்று இலக்க எண்கள் வரிசையாக இருக்கும். செட் பட்டனைச் சிவப்பு விளக்கு எரியும்வரை பிடித்து, எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். வால்யூம் ஏறும், மெனு திறக்காது. அடுத்த எண். எதுவும் ஒத்துவராவிட்டால் தேடல்: ரிமோட் பவர் கோடுகளை ஒவ்வொன்றாக அனுப்பும், டிவி அணைந்த நொடியில் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் வீடே கைதட்டும். அந்தச் சந்தோஷத்துக்காகவே எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறுவேன்.

உள்ளே நடப்பதை மாஸ்டர் ஆசிலோஸ்கோப்பில் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கிறது. என்.இ.சி. கம்பெனியின் முறையில் முதலில் 9 மில்லிசெகண்ட் ஒளி, பிறகு 4.5 மில்லிசெகண்ட் இருள். அதன்பின் 32 பிட்: எந்தக் கருவி, எந்தப் பட்டன். இரண்டையும் தலைகீழாக இன்னொரு முறை அனுப்பும், பிழை இருந்தால் கருவி கண்டுபிடிக்க. பிலிப்ஸின் ஆர்.சி. 5 துடிப்பது 36,000 முறை, சோனி 40,000. "இது தெரிஞ்சா எந்த ரிமோட்டும் செய்யலாம்டா" என்பார் மாஸ்டர். ஆப்பிளை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பிறகு தனியாகத் தொடங்கிய நிறுவனத்தில் 1987இல் கொண்டுவந்ததும் மற்ற ரிமோட்டுகளின் கோடைக் கற்றுக்கொள்ளும் ரிமோட்தான். யாரும் கற்கலாம், பூட்டு கிடையாது.

இன்றைய டிவி ரிமோட்டுகள் பலவற்றில் குரல் தேடல் புளூடூத்தில் போகிறது. அதை எந்த யுனிவர்சல் ரிமோட்டும் பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. புது ரிமோட்டை டிவியோடு இணைக்க மெனுவுக்குள் போகச் சொல்கிறது ஒரு டிவி. மெனுவுக்குள் போக ரிமோட் வேண்டும்! இந்தக் கதவடைப்பு எனக்குக் கோபம் தருகிறது. வயதானவர்களை நினைத்தால் இன்னும் அதிகமாக.

ஏசியில் இன்னும் அகச்சிவப்பு வாழ்கிறது. ஒரு பட்டனை அழுத்தினால் டிகிரி, ஃபேன் வேகம், மோடு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பும், அதனால் அதன் கோட் டிவியுடையதைவிட நீளம். அம்மாவின் ஏசி ரிமோட் போனபோது அந்த மாடல் கடைகளில் இல்லை. எதிர்வீட்டில் அதே ஏசி. அவர்கள் ரிமோட்டை வாங்கி, டி.எஸ்.ஓ.பி. 1738 சென்சார், ஒரு ஆர்டுயினோ போர்டு வைத்துக் கோடைப் பிடித்தேன். மூன்று பெரிய பட்டன் வைத்த பெட்டி செய்து கொடுத்தேன்: ஆன், ஆஃப், 26 டிகிரி. ஏசியையே மாற்றிவிடச் சொல்லியிருந்தார் சர்வீஸ்காரர். மாற்றவில்லை.