ஹெச்பி அண்ணாச்சி

பங்குனி பிறந்து கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கினால் சுசீந்திரத்தில் தெருவுக்கு ஒரு அண்ணாச்சி தட்டுப்படுவார். மோட்டார் ஓடியும் மாடித் தொட்டியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அவர் முற்றத்தில் நிற்பார். கையில் ஸ்பேனர் கிடையாது, டெஸ்டர் கிடையாது. மடித்துக் கட்டிய வேட்டியோடு குனிந்து, ஓடும் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். “எத்தன ஹெச்பிவே இது?” “அரை, அண்ணாச்சி.” “அதாங் காரியம். ஒண்ணு போடும், பிச்சிக்கிட்டு அடிக்கும்.” விசாரணை முடிந்தது. கிணறு நாலடி தள்ளித்தான் இருக்கிறது. எட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. உலகத்தில் எது நின்றாலும் பலம் போதாமல்தான் நிற்கிறது என்பது அவர் கட்சி. மார்கழித் திருவிழாவில் தேர் நின்றுவிட்டால், சக்கரத்துக்கு அடியில் கட்டை கிடக்கிறதா என்று குனியமாட்டார். வடம் பிடிக்க இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுவார். அண்ணாச்சிமேல் என் வழக்கு இதுதான்: தண்ணீர் விழும் பக்கத்தையே அவர் பார்க்கிறார், கோளாறோ பெரும்பாலும் தண்ணீர் ஏறும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மேலே இருக்கும் மோட்டாருக்குத் தண்ணீரை இழுக்கத் தெரியாது. கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை. வெளிக்காற்றுதான் கிணற்று நீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றால் தாங்க முடிவது 10.3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 34 அடி நீர். பைப்பின் உராய்வு, மோட்டாரின் சொந்தக் குறைகள் எல்லாம் கழிந்து 25 அடி தேறினாலே பெரிது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் ஆஞ்சநேயர் சிலை 18 அடி. அவரோடு ஆறடி ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டால் ஏறக்குறைய அந்த எல்லை வந்துவிடும். தண்ணீர் அதற்குக் கீழே போய்விட்டால் அரை ஹெச்பியும் ஒன்றுதான், ஐந்து ஹெச்பியும் ஒன்றுதான். இது கலிலியோவுக்கே ஒரு பழுதுபார்ப்பவர் வழியாக எட்டிய சங்கதி. 1638இல் வெளியான அவருடைய உரையாடல் நூலில் ஒரு பாத்திரம், பம்பு கெட்டுப்போய்விட்டது என்று ஆளைக் கூப்பிடுகிறது. வந்த ஆள் பம்பில் குற்றமில்லை, தண்ணீர்தான் இறங்கிவிட்டது, அந்த ஊர் முழத்தில் 18 முழத்துக்கு மேல் எந்த எந்திரத்தாலும் உறிஞ்ச முடியாது என்கிறார். காரணம் காற்றின் பாரம் என்று 1644இல் விளக்கியவர் டோரிசெல்லி. பெயரில்லாத அந்தப் பழுதுக்காரர் முதலில் கிணற்றைப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். புது மோட்டார் வாங்கச் சொல்லவில்லை, பாவம், பிழைக்கத் தெரியாதவர்.

சரி, தண்ணீர் 15 அடியில்தான் நிற்கிறது, அப்போதும் ஏறவில்லை என்று வையுங்கள். இங்கேதான் அண்ணாச்சியின் கைத்திறமை வெளிப்படும். சக்‌ஷன் பைப்பின் இணைப்புகளை விரலால் தடவிப் பார்ப்பார். “ஒரு சொட்டு ஒழுகல்லியே, பைப்பு சுத்தம். மோட்டாருதாம் போச்சி.” டெலிவரி பைப்பில் ஓட்டை என்றால் தண்ணீர் வெளியே பீய்ச்சும், சின்னப்பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். சக்‌ஷனில் உள்ள ஓட்டை, மோட்டார் ஓடும்போது சொட்டுவதில்லை. காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இளநீரில் போட்ட ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் கன்னம் குழிய உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும். இதுவும் அந்தக் கதைதான். ஆகவே விரலில் ஈரம் படவில்லை என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. உண்மையான சோதனைக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டார் தலையிலுள்ள திருகைக் கழற்றி, குமிழி அடங்கி விளிம்பு தட்டும்வரை ஊற்ற வேண்டும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அந்தத் துவாரத்தைப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் மெல்ல உள்வாங்கினால் முதல் சந்தேகம், சக்‌ஷன் பைப்பின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வின் மேல். மேலே தூக்கிப் பார்த்தால் மூடியின் வாஷருக்கும் இருக்கைக்கும் நடுவே தென்னந்தும்பு இரண்டு இழை சிக்கிக் கிடக்கும், அல்லது வாஷரே விறைத்து வளைந்திருக்கும். நீர் நிற்கிறது, மோட்டார் போட்டால் மட்டும் தண்ணீர் வெட்டி வெட்டி விழுகிறது என்றால், இணைப்பு எதுவோ காற்றுக் குடிக்கிறது. டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்ற வேண்டும். இதற்குத் தேவை பத்து நிமிடப் பொறுமை. அண்ணாச்சியிடம் மற்றதெல்லாம் உண்டு.

“அப்படியானால் அவர் சொல்லி ஒரு ஹெச்பி போட்ட வீடுகளில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு அடிக்கிறதே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் நாஞ்சில்நாட்டுப் பாசன நாட்காட்டியில் இருக்கிறது. 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூனில் திறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் தாண்டி, பிப்ரவரி முடிவில் அடைப்பார்கள். சானலிலும் குளத்திலும் தண்ணீர் நிற்கிறவரை பக்கத்துக் கிணறுகளும் நிறைந்திருக்கும்; அடைத்த பிறகு ஒவ்வோர் உறையாக இறங்கும். அண்ணாச்சியின் வியாபார காலம் பங்குனி, சித்திரை. அவர் பேச்சைக் கேட்டு வைகாசியில் மோட்டார் மாற்றுகிறார்கள். ஆனியில் சாரலும் சானலும் சேர்ந்து கிணற்றை ஏற்றிவிடுகின்றன. பழைய அரை ஹெச்பியை அப்படியே விட்டிருந்தாலும் அடித்திருக்கும். தேரூர் குளத்துக்குச் சேரவேண்டிய புகழ் அண்ணாச்சிக்குப் போய்ச் சேருகிறது. 2022இல் சுசீந்திரம், தேரூர் ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் ஏறின; எந்தப் பட்டியலும் இல்லாமலே அண்ணாச்சி ஏறிவிட்டார். கோடையில் பெரிய மோட்டார் செய்யும் கெடுதல் வேறு கணக்கு. ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணற்றை அது சீக்கிரம் வறட்டிவிட்டுக் காற்றைக் குடிக்கும். பழைய ஒல்லி சக்‌ஷன் பைப்பில் வேகமாகப் பாயும்போது உராய்வு கூடி, இருந்த 25 அடியிலும் கொஞ்சம் பறிபோகும்.

இன்னொரு ஆட்சேபம்: பிளம்பர் வர மூன்று நாள், அண்ணாச்சி வர மூன்று நிமிடம், கூலியும் கிடையாது, அவரை ஏன் கரித்துக்கொட்ட வேண்டும்? ஒப்புக்கொள்கிறேன். பாதி விஷயத்தில் அவர் சொல்வது சரியும்கூட. மோட்டாருக்கு வந்துசேர்ந்த தண்ணீரை இரண்டாம் மாடிக்குத் தள்ளுவதற்குப் பலம் வேண்டும்தான். அங்கே ஹெச்பி பேசும். கிணற்றுக்குள் முங்கிக்கிடக்கும் சப்மெர்சிபிள் கீழிருந்தே தள்ளுவதால் இந்த 34 அடிச் சட்டமும் அதைக் கட்டாது. தள்ளுவதில் கண்ட வெற்றியை உறிஞ்சுவதற்கும் நீட்டியதுதான் அவர் தப்பு. அவர் இலவசம், அவர் சொல்லி வாங்கும் மோட்டார் இலவசம் அல்ல.

குளியலறைக் குழாயில் மட்டும் தண்ணீர் மந்தம் என்றாலும் அவர் மோட்டாரைத்தான் தேடிப் போவார். தொட்டி நிறைந்திருக்கும்போது மோட்டாருக்கு அதில் பங்கே கிடையாது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வரும். ஒற்றை மாடி வீட்டின் தொட்டி ஷவருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டரில் உட்கார்ந்திருந்தால் அதில் கால்வாசிதான். அதையும் தொட்டியடிச் சேறும் ஷவர் துளைகளில் படிந்த உப்பும் பங்குபோட்டுக்கொள்ளும். தொட்டியைக் கழுவி, ஷவரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டாலே பாதி சரியாகும். ஆனால் தொட்டிக்குள் இறங்க அண்ணாச்சிக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கீழே நின்றே அண்ணாந்து சொல்லுவார்: “ஒரு பிரஷர் பம்பு வச்சிரும்வே.”