ஆணிக்கு ஏது மந்தம்?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கடையைப் பற்றியவை. ஆகவே சினிமாக் கேள்விகள் அடுத்த வாரம். நடிகர்கள் காத்திருக்கட்டும், ஆணிகள் முதலில்.

? ஊரெல்லாம் "கையில் காசில்லை" என்கிறார்கள். ஈப்போவில் அந்த மஞ்சள் போர்டு மிஸ்டர் டி.ஐ.ஒய். கடையில் மட்டும் கூட்டம் குறைவதே இல்லை. யார் சொல்வது பொய்?
— வாசகி ஒருவர், புந்தோங்

யாருமே பொய் சொல்லவில்லை, அம்மா. காசில்லாததால்தான் அங்கே கூட்டம். 2020-ல் கோவிட் வந்து நாட்டின் பொருளாதாரம் 5 சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியது. அதே ஆண்டில் இந்த நிறுவனத்தின் வருமானம் சுமார் 228 கோடி ரிங்கிட்டிலிருந்து 256 கோடிக்கு ஏறியது. லாபம் 33 கோடியைத் தாண்டியது. சமையலறையையே இடித்துக் கட்டுவதாக இருந்தவர் "இப்போதைக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிட்டு, கழன்று தொங்கும் கேபினெட் கதவுக்கு இரண்டு கீல் வாங்கப் போனார். அவர் செலவைச் சுருக்கியதுதான் கடைக்கு வியாபாரம்.

? அப்படியானால் வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை எல்லாமே மந்தத்தில் கொழிக்குமா?
— பொருளாதார மாணவி, தஞ்சோங் மாலிம்

கொழிக்காது. அமெரிக்காவின் ஹோம் டிப்போவைப் பாருங்கள். வீட்டுச் சாமான், கட்டுமானச் சாமான் விற்பதில் உலகிலேயே பெரிய கடை. 2007 நிதியாண்டில் 77 பில்லியன் டாலருக்கு விற்றது, 2009-ல் 66 பில்லியனுக்கு இறங்கியது. காரணம், அங்கே வீட்டு விலை ஏற ஏற, அந்த ஏற்றத்தின் மேல் வங்கியில் கடன் வாங்கிச் சமையலறையும் குளியலறையும் புதுப்பித்தார்கள். விலை சரிந்ததும் அந்தக் கடன் நின்றது, கூடவே கடையின் பெரிய பில்லும் நின்றது.

தப்பித்த விதம் சுவையானது. 2007-ல் தலைமைக்கு வந்த ஃபிராங்க் பிளேக், குத்தகைக்காரர்களுக்குச் சாமான் வழங்கும் எச்.டி. சப்ளை பிரிவை விற்றார். பேசிய விலை 10.3 பில்லியன் டாலர். கடன் சந்தை திடீரென்று உறைய, 8.5 பில்லியனுக்கு இறங்கிவந்து தள்ளிவிட்டார். ஏமாந்துவிட்டார் என்று அன்று தோன்றியிருக்கும். அடுத்த ஆண்டு யாரும் அந்த விலைக்குக்கூட வாங்கியிருக்க மாட்டார்கள். 2008-ல் 15 கடைகளை மூடினார், திறக்கவிருந்த சுமார் 50 கடைகளைக் கைவிட்டார். 2009 ஜனவரியில் எக்ஸ்போ என்ற ஆடம்பரக் கடைகள் 34-க்கும் மூடுவிழா. சுமார் 7,000 பேருக்கு வேலை போனது. நிறுவனம் பிழைத்தது என்று எழுதும்போது இந்த எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வீட்டின் விலையை நம்பிய கடை அடிவாங்கியது. வீட்டின் ஒழுகலை நம்பிய கடை நிமிர்ந்து நின்றது. இவ்வளவுதான் பாடம், தேர்வில் எழுதலாம்.

? எங்கள் ஊர்க் கோபுரம் நூறு வருடத்துக்கு மேலாகச் சாய்ந்தே நிற்கிறது. நிமிர்த்துவதற்கு டி.ஐ.ஒய். கடையில் ஏதாவது கிடைக்குமா?
— நிமிர்ந்து நிற்கும் ஒருவர், தெலுக் இந்தான்

நிமிர்த்திவிட்டால் உங்கள் ஊருக்கு மந்தம் வந்துவிடும். கை வைக்காதீர்கள்.

? லயத்தில் முப்பது வருடம் இருந்தோம், குழாய்க்கு ஒரு வாஷர்கூட நான் வாங்கியதில்லை. தாமானுக்கு வந்த பிறகு மாதம் தவறாமல் கடைக்குப் போகிறேன். நான் வசதியாகிவிட்டேனா?
— ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்

வசதியாகவில்லை ஐயா, வீட்டுக்காரர் ஆகியிருக்கிறீர்கள். லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொல்வோம். அவர்கள் அடுத்த மழைக்காலத்துக்குள் ஆள் அனுப்புவார்கள், அல்லது அனுப்பமாட்டார்கள். ஆனால் செலவு அவர்களுடையது. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-ல் சட்டமே வந்தது.

பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டித் தாமான் கட்டினார்கள். தோட்டத்து ஜனம் மலிவு விலை வீடுகளுக்கு வந்தது. 1980-களில் அந்த வீட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 25,000 வெள்ளி, 1998-ல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை போனது. வீட்டுச் சாவியோடு ஒழுகலும் கைமாறியது. துரையின் கணக்கில் இருந்த பழுதெல்லாம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது.

பேராக்கில் பெரிய கடைகள் வேரூன்றியதற்கு இது முக்கியமான காரணம் என்பேன். சொந்த வீடு, பழைய குழாய், சின்னச் சம்பளம். இந்த மூன்றும் சேர்ந்த குடும்பத்துக்கு மந்தத்தில் கார் வாங்குவதைத் தள்ளிப்போட முடியும். சொட்டுகிற குழாயை எத்தனை நாள் தள்ளிப்போடுவது?

? ஒரு பல்பு வாங்கத்தான் போனேன். கூடை நிறைந்து, பில் அறுபது வெள்ளிக்கு வந்துவிட்டது. இது என்ன மாயம்?
— பல்பை மறந்து வந்தவர், பத்து காஜா

மாயமில்லை, கணக்கு. அங்கே சுமார் 18,000 வகைச் சாமான்கள். ஆயிரம் வெள்ளிக் கட்டிலுக்கு மனைவியிடம் கேட்க வேண்டும், மாமனாரிடமும் கேட்க வேண்டியிருக்கும். மூன்று வெள்ளி கொக்கிக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். யோசிக்கத் தேவையில்லாத விலையில் இருபது சாமான் எடுத்தால் யோசிக்க வேண்டிய பில் வரும். மந்தத்தில் ஜனங்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள், ஆகவே யோசனைக்கே எட்டாத விலையில் விற்கிறவர் ஜெயிக்கிறார்.

? எந்தப் பேரங்காடிக்குப் போனாலும், மூடிக் கிடக்கும் கடைகளுக்கு நடுவே இவர்கள் மட்டும் புதிதாகத் திறக்கிறார்களே, எப்படி?
— நடைப்பயிற்சிக்காகப் பேரங்காடி செல்பவர், ஈப்போ

மற்றவர்கள் மூடுவதால்தான். கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 2005-ல் தொடங்கியது முதல் கடை. 2019 முடிவில் 593 கடைகள், 2021 முடிவில் 900. நடுவில் இருந்தவை நோய் ஆண்டுகள் இரண்டு என்பதைக் கவனியுங்கள். காலியான இடத்தை வைத்துக்கொண்டு விழிக்கும் கட்டட உரிமையாளர் வாடகையில் இளகுவார், பெரிய இடத்தைப் பல வருடத்துக்கு எடுக்கும் ஆளைக் கண்டால் இன்னும் இளகுவார்.

அதற்குக் கையில் தெம்பு வேண்டும். 2020 அக்டோபர் 26-ல், நோய்த்தொற்றுக்கு நடுவிலேயே, பங்கு ஒன்று 1.60 ரிங்கிட் என்று புர்சா மலேசியாவில் நுழைந்தார்கள். மொத்தம் சுமார் 150 கோடி. அதில் பெரும்பகுதி பழைய பங்குதாரர்களின் பைக்குப் போனது. நிறுவனத்துக்கு வந்ததில் பெரும்பகுதி வங்கிக் கடனை அடைத்தது. மந்தத்தில் கடனைக் குறைத்துக்கொண்டு கடையைக் கூட்டுவது எல்லாருக்கும் வாய்க்காது.

? வீட்டுக்காரர் டிரில் மெஷின் வாங்கி வந்து சுவரில் ஓட்டை போட்டார். படம் மாட்ட ஒரு ஓட்டை போதும், ஐந்து போட்டிருக்கிறார். என்ன செய்ய?
— நொந்துபோன மனைவி, சிம்மோர்

இன்று டிரில், நாளை ஓட்டையை அடைக்கப் புட்டி, மறுநாள் அதை மறைக்கப் பெயிண்ட், பிறகு பெயிண்டை மறைக்க இன்னும் பெரிய படம். பெரிய கடைகள் மந்தத்தில் நம்பியிருப்பது உங்கள் வீட்டுக்காரரைத்தான். ஆறாவது ஓட்டைக்கு முன் ஆளைக் கூப்பிடுங்கள்.

? சாமானெல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ரிங்கிட் விழுந்தால் இவர்களும் விழ வேண்டியதுதானே?
— செய்தித்தாள் விடாமல் படிப்பவர், தைப்பிங்

தள்ளாடுவார்கள், விழுவதில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட் வரை போனது. 1998-க்குப் பிறகு அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு மூன்று மெத்தைகள் உண்டு. இன்று அலமாரியில் இருப்பது மாதங்களுக்கு முன் பழைய விலையில் வாங்கியது. மொத்தமாக வாங்குவதால் அங்கே பேரம் பேசும் பலம் இருக்கிறது. மூன்றாவது, நூறு வெள்ளிக்கு விற்றால் சாமான் கொள்முதல் போக நாற்பது வெள்ளிக்கு மேல் மிஞ்சும் வியாபாரம் இது. வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும், என்றாலும் கொஞ்சம் நசுங்கத் தாங்கும். பத்து வெள்ளிக்கு எட்டரை கொள்முதல் போடும் சின்னக் கடைக்குத்தான் ரிங்கிட் விழுந்தால் மூச்சுத் திணறும்.

? அப்படிப்பட்ட சின்னக் கடைதான் என்னுடையது. அப்பா காலத்து ஹார்ட்வேர் கடை. பெரிய கடை வந்த பின் பகலில் ஈ ஓட்டுகிறேன். வழி உண்டா?
— ஹார்ட்வேர் கடைக்காரர், கம்பார்

உண்டு அண்ணே, ஆனால் விலையில் மோதாதீர்கள். அங்கே திருகாணி பாக்கெட்டில்தான் கிடைக்கும், மூன்று வேண்டுமென்றால் முப்பது வாங்க வேண்டும். நீங்கள் மூன்றை எண்ணிக் கொடுங்கள். பி.வி.சி. குழாயை அளந்து அறுத்துக் கொடுங்கள். பழைய குழாயின் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது மாதிரி" என்று கேட்பவருக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை, உங்களுக்கு அதைப் பார்த்ததுமே அளவு தெரியும். குழாய் வேலை, கரண்டு வேலை செய்யும் ஆட்களின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது. ஆளையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒரே எச்சரிக்கை: குத்தகைக்காரருக்குக் கடனாகக் கொடுக்கும் சிமெண்டும் பெயிண்டும். மந்தத்தில் முதலில் நின்றுபோவது அவருடைய வேலை, அடுத்து நிற்பது உங்கள் பாக்கி.

? 1985-ல் ஈயம் விழுந்தபோது ஈப்போவில் பெரிய கடைகள் இல்லையே. அப்போது யார் தாங்கினார்கள்?
— ஈயக்குட்டையில் நீந்திய பழைய பையன், துரோனோ

1985 அக்டோபர் 24-ல் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது, லண்டனில் ஈய வியாபாரம் நின்றது. கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அங்கே பம்பும் குழாயும் இரும்பும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்தார்கள், அவர் போனதும் கடையும் போனது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். இன்றைய பெரிய கடை லட்சம் வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் விற்கிறது. ஒரு வீடு நின்றால் அதற்குத் தெரியவே தெரியாது. பலமும் அதுதான், ஈரமில்லாமையும் அதுதான்.

? தோட்டத்துக் கடைக்காரர் சம்பள நாள் வரை பற்று எழுதிக் கொடுத்தார். இவர்கள் ஐந்து காசு கடன் தருவார்களா? இவர்களைப் போய் மெச்சுகிறீர்களே!
— கோபக்காரர், பீடோர்

மெச்சவில்லை ஐயா, எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். நீங்கள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. 1930-களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் ஏறியவரின் பற்று யாரிடம் வசூலாகும்? கடன் கொடுத்த கடைக்காரர், கணக்கில் கொஞ்சம் கூட்டி எழுதியவராகவே இருந்தாலும், கஷ்டத்தில் ஒரு பங்கைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். ரொக்கக் கடை மந்தத்தை முழுதாக உங்கள் வீட்டிலேயே விட்டுவிடுகிறது. அது தாக்குப்பிடிக்கும் ரகசியங்களில் பெரியது இதுதான்.

நமக்கும் பற்று தேவைப்படாமல் இல்லை. 2020-லிருந்து 2022 வரை ஊழியர் சேமநிதியில் சிறப்பு அனுமதியில் நாட்டு மக்கள் எடுத்தது சுமார் 14,500 கோடி ரிங்கிட். முன்பு கடைக்காரரிடம் வைத்த பாக்கியை இப்போது நம் முதுமையிடம் வைத்திருக்கிறோம். அதுவும் ஒருநாள் வசூலுக்கு வரும்.

? அந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா?
— போனஸ் வந்தவர், சித்தியவான்

நான் ஜோசியனும் இல்லை, தரகனும் இல்லை. வாங்குமுன் ஒன்று பாருங்கள்: வருமானம் ஏறியது பழைய கடைகள் அதிகம் விற்றதாலா, புதுக் கடைகள் திறந்ததாலா? பக்கத்துத் தாமானில் திறக்கும் புதுக் கடை சில சமயம் எடுப்பது தன் அண்ணன் கடையின் வாடிக்கையாளரைத்தான்.

? கடைசியாக ஒன்று. மந்தம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமைச்சர்கள் சொல்வதை நம்பலாமா?
— அவநம்பிக்கை கொண்டவர், தாப்பா

அமைச்சரை விடுங்கள், பணம் கட்டும் வரிசையில் முன்னால் நிற்பவரின் கூடையைப் பாருங்கள். பசை, டேப், வாஷர், கீல் என்றால் மந்தம் நடக்கிறது. ஷெல்ஃப், பெயிண்ட் என்றால் மூச்சு வந்திருக்கிறது. அந்த வரிசையே சுருங்கி, டைல்ஸ் கடையில் புருஷனும் பெண்டாட்டியும் நிறத்துக்காகச் சண்டை போட ஆரம்பித்தால் நல்ல காலம் வந்துவிட்டது. அப்போது மஞ்சள் போர்டுக்காரர்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும்.