பேராண்டிக்கு ஏரி காக்கும் யோசனை

டேய் அப்பு, சட்டை நல்லாருக்குடா. முதுகுல ‘காப்ராச் செருவைக் காப்போம்’னு பச்சை எழுத்து, நெஞ்சுல ஒரு கொக்கு. செருவுன்னா இந்த ஊருல ஏரி. ஐதராபாத்துச் சைனிக்புரியில ஏரியைக் காப்பாத்தப் பொறப்படுறவன் மொதல்ல சட்டை அடிக்கணும், அதைச் சரியாச் செஞ்சுட்டே. மிச்சத்தைக் கெழவன்கிட்டக் கேட்டுக்க. கம்பம் பள்ளத்தாக்குல பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வெளைய வச்ச கையி இது. ஏரி எப்படிச் சாகும், தோட்டம் எப்படிப் பிளாட்டாகும்னு பாத்தே வயசாகிப்போச்சு.

எப்பவும் உன் வீட்டுக்குப் பொறவு வர்ற கட்டடத்தைத்தான் எதுக்கணும். உன் வீடு எப்ப வந்துச்சுன்னு மட்டும் எவனையும் கேக்க விடாதே. பட்டாளத்துல இருந்து வந்தவுக குடியேறுன காலனி இது. பெரிய பெரிய மனை, சுத்திலும் பாறை, புதரு. அப்புறம் பெருசுக கண்ணை மூட, பிள்ளைக அமெரிக்கா போக, பங்களாவை பில்டர் கையில குடுத்துப் பாதிக்குப் பாதி பிரிச்சுக்கிட்டாக. மெயின் ரோட்டு ஓரத்து வீடெல்லாம் காபிக்கடையாச்சு. நாம குந்தியிருக்கிற இந்த மூணாவது மாடியும் அந்த வழியில மொளைச்சதுதான். பால்கனியில இருந்து ஏரி தெரியுது, அதனால ஏரி மேல பாசம். முன்னாடி இன்னொருத்தன் கட்டுனா ஏரி மறைஞ்சுரும், அதனால சுற்றுச்சூழல். தப்பே இல்ல ராசா, பாசம் எங்கிட்டு இருந்தாவது தொடங்கணும்ல.

இந்த ஊரு திராட்சைச் சீமைடா, தெரியுமா? அனாபே-ஷாகின்னு ஒரு ரகம். கொத்து கொத்தாப் பெரிய பழம், உள்ள வெதை இருக்கும். அப்துல் பாகர் கான்னு ஒருத்தரு மேற்காசியாவுல இருந்து கொண்டாந்து ஐதராபாத்துல ஊனுனதாச் சொல்லுவாக. மேட்சல், ஷாமிர்பேட்டைப் பக்கமெல்லாம் பந்தல் நின்ன காலம் உண்டு. அந்தப் பேரைக் கேட்டா எங்க ஊரு வியாபாரிகளுக்கே கொஞ்சம் வயித்தெரிச்சல். இப்ப அதே ரோட்டுல போயிப் பாரு, பந்தக் காலு நின்ன எடத்துல எல்லைக்கல்லு. போருல தண்ணி எறங்கிப்போச்சு, கவாத்துக்கு ஆள் கிடைக்கல, 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்து ஏக்கர் வெலையை ஏத்திவிட்டுருச்சு. திராட்சைக்காரன் வித்துட்டு நிம்மதியாத் தூங்குனான். அவனை யாரு குத்தம் சொல்ல முடியும்? ஆனா ஒண்ணு, அத்தனை பந்தல் சாஞ்சப்ப இந்த ஊருல ஒருத்தன் மெழுகுவத்தி ஏத்தல.

பழம் போனா என்ன, தெருவுக்குத் தெரு ‘ஒயின்ஸ்’னு போர்டு இருக்கே! தெலங்கானா முழுக்க 2,620 மதுக்கடைக்குக் குலுக்கல் போடுறாக. 2025ல விண்ணப்பத்துக்கு மட்டும் 3 லட்சம், சீட்டு விழலேன்னாலும் திரும்பி வராது. மருந்தடிச்சு, மழைக்குப் பயந்து, கொத்தைப் பொத்திப் பொத்தி வளத்த நானு ஆயுசு முழுக்க இந்த மாதிரி ஒரு வெள்ளாமையைப் பாத்ததில்ல.

நாபான்னு ஒரு திராட்சை ஊரைச் சொன்னியே, கலிபோர்னியாவுல. 1968லயே ‘இது வெள்ளாமைப் பூமி, துண்டு போட்டு விக்கப்படாது’ன்னு சட்டம் போட்டாகளாம். மொதல்ல 20 ஏக்கருக்குக் கொறைச்சு வெட்டக்கூடாதுன்னு இருந்துச்சு, அப்புறம் 40 ஆச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்பது வருசத்துல பாரு கூத்தை. 2018ல அதே சனம் இன்னொரு ஓட்டெடுப்பு வச்சுச்சு. எதுக்கு? மலையில இருக்கிற ஓக் மரத்தை வெட்டித் திராட்சை நடுறானுக, அதை நிறுத்தணும்னு! கொஞ்ச ஓட்டுல தோத்துப்போச்சு. காப்பாத்தி வளத்துவிட்டவன்கிட்ட இருந்தே காட்டைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. நம்ம ஊருல அந்தச் சள்ளையே கெடையாது, காப்பாத்துனாத்தான அப்புறம் அவன் ஆட்டம் போடுறதுக்கு.

நம்மகிட்டயும் ஒரு உத்தரவு இருந்துச்சு அப்பு. 1908ல மூசி ஆறு பொங்கி ஊரை வாரிக்கிட்டுப் போனப்புறம்தான் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர்னு ரெண்டு ஏரியைக் கட்டுனாக. அந்த ரெண்டையும் காக்க 1996ல 111ன்னு ஒரு அரசாணை. 84 கிராமம், 1.32 லட்சம் ஏக்கர், அதுக்குள்ள பெரிய கட்டடம் கூடாது. 2022ல அதையும் தளத்திவிட்டாக. தளத்துன அன்னிக்கு நீ எங்கிட்டு இருந்தே? பரீட்சையாம். சரி விடு.

இப்ப முக்கியமான யோசனை: ஞாயித்துக்கெழமை தூங்காதே. கச்சிபவுலியில பல்கலைக்கழகத்துப் பக்கம் 400 ஏக்கருல 2025 மார்ச் 30ஆம் தேதி ஜேசிபி எறங்குச்சே, அன்னைக்கு ஞாயிறு, யுகாதி வேற. கோர்ட்டுக்கு லீவு, புல்டோசருக்கு லீவு இல்ல. சுப்ரீம் கோர்ட்டு நிறுத்துறதுக்குள்ள மரம் படுத்துருச்சு. ஏரியைக் காக்கவே 2024ல ஹைட்ரான்னு ஒரு படை வச்சாக, அவுகளும் அப்படித்தான். மாதாப்பூர்ல நடிகர் நாகார்ஜுனாவோட ‘என் கன்வென்ஷன்’ மண்டபத்தை இடிச்சது சனிக்கெழமை. அமீன்பூர்ல இடிச்சது ஞாயிறு. ஏன்யா லீவு நாளுல இடிக்கிறீகன்னு உயர் நீதிமன்றமே கேட்டுச்சு. அழிக்கிறவனுக்கும் காக்கிறவனுக்கும் ஒரே காலண்டர். நீங்க மட்டும் ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு ஏரிக்கரையில நின்னு போட்டோ எடுத்துட்டு தோசை திங்கப் போறீக.

செவ்வாக்கெழமை தாசில்தார் ஆபீசுக்குப் போ. எஃப்.டி.எல். வரைபடம் கேளு. ஏரி நெறைஞ்சா தண்ணி எதுவரைக்கும் நிக்கும்ங்கிற கோடு அது. 25 ஏக்கருக்கு மேல இருக்கிற ஏரின்னா அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் 30 மீட்டர் சும்மா கிடக்கணும். ‘நாளைக்கு வா’ம்பாக. போ. ‘ஆன்லைன்ல பாரு’ம்பாக. சிரிச்சுக்கிட்டே பெஞ்சுல குந்து. அங்கேயே சிக்கம் பட்டான்னா என்னன்னும் கேட்டுக்க. ஏரிக்குள்ள பட்டா இருக்கிறவன் தண்ணி வத்துனா வெதைக்கலாம், சுவரு எழுப்பக்கூடாது. அவனைப் பாத்த ஒடனே ‘ஆக்கிரமிப்பு’ன்னு கோசம் போடாதே. அவன் பாட்டன் உழுத மண்ணு. அதைப் பிளாட்டு போட்டு வித்தவன் வேற, வித்தவனுக்கு ரோடு போட்டுக் குடுத்தவன் வேற. வாங்குனவன் பாவம், பென்சன் பணத்தைக் கொட்டிட்டு, லேஅவுட்டை முறைப்படுத்த எல்.ஆர்.எஸ்.ல மனு போட்டு நிக்கிறான். 2020ல மட்டும் அந்த மாதிரி 25 லட்சத்துக்கு மேல மனு. உன் கோசம் அந்தக் கடைசி ஆளு காதுலதான் விழும், நடுவுல இருந்தவனுக அடுத்த செருவுக்குப் போயிட்டானுக.

இன்னொண்ணு. ஏரி பூரா ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்குன்னு கரையில நின்னு இழுத்தீகளே, நல்ல காரியம். அடுத்த மாசம் மறுபடி மண்டும். தோட்டத்துக்கு நான் எரு போட்டா எப்படித் தழையுமோ அப்படித்தான் அது தழையுது. எரு எங்கிட்டு இருந்து வருதுன்னு நம்ம கட்டடத்துச் சாக்கடைக் குழாயைப் புடிச்சுக்கிட்டே நடந்து பாரு, எங்க போயி நிக்கிறேன்னு எனக்கு வந்து சொல்லு.

ஞாயித்துக்கெழமை கூட்டம் போட்டே ஆகணும்னா கீழ பார்க்கிங்ல நடக்கிற அபார்ட்மெண்ட் கூட்டத்துக்குப் போ. நம்ம கக்கூஸ் தண்ணி எங்க எறங்குது, சுத்திகரிக்க எந்திரம் வைக்க எம்புட்டு ஆகும்னு எந்திரிச்சுக் கேளு. தலைவரு மொறைச்சா எம் பேரைச் சொல்லிரு. பொங்கலுக்கு நான் கம்பத்துல இருப்பேன், என்னைய என்ன பண்ணப்போறாக. ஆனா இந்தக் கொக்குச் சட்டையை மட்டும் போட்டுக்கிட்டுப் போகாதடா, ஏரிக்குன்னு தனியா மெயின்டனன்ஸ் ஏத்தி உங்க அப்பன் தலையில கட்டிருவாக.