மணிக்கட்டு வைத்தியர்

சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டால் புதுச்சேரி கடற்கரைச் சாலை நடப்பவர்களுக்குச் சொந்தம். அவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். என் மணிக்கட்டிலும் ஸ்மார்ட் வாட்ச் என்று ஒரு வைத்தியர் குடியேறி ஆறு மாதமாகிறது. அவர் பெருமையைச் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

ஓரவஞ்சனை என்பதே அவரிடம் கிடையாது. காந்தி சிலையிலிருந்து கையை வீசி நடந்தேன். நாடி 118 என்றார். பயந்துபோய் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் தொண்ணூறு சொச்சம்தான். அப்புறம்தான் புரிந்தது: 118 என் காலடிக் கணக்கு! பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் குடித்தது போக எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது அவர் தொழில். வீசும் கையில் ரத்தமும் ஆடும், தளர்ந்த வாரும் ஆடும்; எந்த ஆட்டம் ஓங்கியிருக்கிறதோ அதையே இதயமென்று ஏற்றுக்கொள்வார். உழைக்கிற காலுக்கு இந்த மரியாதையை வேறெந்த வைத்தியர் தந்தார்?

சாய்வு நாற்காலியில் சும்மா கிடந்தால் அவர் கணக்கு அநேகமாகப் பிசகாது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது மட்டும் யோசனையில் ஆழ்ந்துவிடுவார். தேவைப்படாத நேரத்தில் துல்லியம், தேவைப்படும்போது மௌனம். பெரிய மனிதர்களுக்கே வாய்த்த குணம்.

1860 வாக்கில் மாரே என்ற பிரெஞ்சுக்காரர் மணிக்கட்டில் கட்டும் நாடிக்கருவி ஒன்று செய்தார். பாவம், அது நாடி துடித்ததைத் துடித்தபடியே புகை படிந்த தாளில் கோடாகக் கிறுக்கியது. நம் வைத்தியரைப் போல இடையில் விட்டுப்போனதை நாசூக்காக நிரவிச் சொல்லும் பண்பு அதற்கு வரவில்லை.

தாராளத்திலும் நம்மவர் குலம் குறைந்ததல்ல. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட மணிக்கட்டு வைத்தியர்கள் ஏழு பேரைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு பேர் 5 சதவீதத்துக்குள் தேறினார்கள். கலோரிக் கணக்கில் முதல் மாணவரே 27 சதவீதம் தவறினார். கடைசி பெஞ்சுக்காரர் 93. வள்ளன்மை என்றால் இதுதான். அந்தக் கணக்கை நம்பித்தான் நடை முடிந்ததும் தைரியமாக இரண்டு மசால் வடை சாப்பிடுகிறேன். பெட்டியில் பொடி எழுத்தில், 'இது மருத்துவக் கருவி அல்ல' என்று அச்சிட்டிருக்கிறார்கள். எல்லாம் அவருடைய அடக்கம்.

கருணையைத்தான் சொல்லி மாளாது. சீனாவில் கழிப்பறைக் காகித உருளையில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், அதற்கும் நாடி சொல்லியிருக்கிறார். வள்ளலார் பயிர்வரை இரங்கினார். இவர் அதையும் தாண்டிவிட்டார். நேற்று ராத்திரி நானும் கழற்றி ஒரு வாழைப்பழத்தில் சுற்றி வைத்தேன். கொஞ்சம் யோசித்து, 74 என்றார். என்னைவிடப் பழத்துக்கு உடம்பு தேவலை.