27.97: ஒரு விருதுநகர் ஆய்வுரை

விருதுநகர் மாவட்டத்தில் புதிய கார் ஒன்று வாசலுக்கு வந்து, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய மறுகணமே உரிமையாளரை நோக்கி எழும் வினா, வண்டியின் நிறத்தையோ பாதுகாப்பையோ பற்றியதாக இருப்பதில்லை; "எவ்வளவு கொடுக்கும்?" என்பதே அது. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை நிலவரம் தன் பெயரிலேயே நாளிதழ்களில் வெளிவரக் கண்ட ஊரில், லிட்டர் 100 ரூபாயைச் சுற்றி நிற்கும் பெட்ரோலுக்குச் சொட்டுக் கணக்குக் கேட்கப்படுவதில் வியப்பில்லை.

ஹைபிரிட் கார் வாங்கியவர் இதற்கு அளிக்கும் விடை இரண்டு தசமத் துல்லியம் உடையது. 2022இல் அறிமுகமான மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் எனச் சான்று கிடைத்தது. 28 என்றிருந்தால் விற்பனையாளர் வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்ற ஐயம் எழும், 27.97 என்றதும் ஐயம் அடங்கிவிடுகிறது. அந்த எண்ணோ சாலையைக் கண்டதில்லை. சான்றுச் சோதனையில் சக்கரங்கள் உருளைகளின் மேல் சுழல, கார் இருந்த இடத்திலேயே நின்றபடி இருபது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக 'ஓடியது'. இன்னின்ன நொடியில் இன்னின்ன வேகம் என்று வகுக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சியின்படி அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், ஏ.சி. அணைக்கப்பட்டிருந்தது, குறுக்கே ஆடு வரவில்லை, பின் இருக்கையில் மைத்துனர் குடும்பமும், டிக்கியில் காலண்டர் கட்டுகளும் இல்லை.

சிவகாசிக்காரருக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது என்னும் 1999ஆம் ஆண்டு விதி, அந்த அளவைக் கான்கிரீட் தளத்தில், சுற்றிலும் 15 மீட்டருக்கு ஒலியைத் திருப்பும் சுவர் எதுவும் இல்லாத வெளியில் எடுக்கச் சொல்கிறது. அதே வெடி முட்டுச்சந்தில் என்ன செய்யும் என்பது அங்குள்ள குழந்தைக்கும் தெரியும். ஆயினும் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் திறக்கும்போது இந்தத் தொழிலறிவைச் செருப்போடு வெளியே விட்டுச் செல்வது மரபாகிவிட்டது.

1997இல் டொயோட்டா பிரியஸ் வழியாக ஜப்பானில் பெருமளவில் விற்பனைக்கு வந்த ஹைபிரிட் உத்தி, நேரு பெயர் சூட்டியதாகச் சொல்லப்படும் 'குட்டி ஜப்பா'னான சிவகாசியில் தன் திறமையைக் காட்டும் இடம் ரயில்வே கேட்டாகும். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் இவ்வண்டியில், பிரேக்கை மிதிக்கையில் மோட்டாரே டைனமோவாக மாறி, வீணாகும் வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. செங்கோட்டை ரயிலுக்காகக் கேட் விழுந்து, எதிரெதிர்ப் பக்கங்களின் வண்டிகள் சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்து நிற்கையில், ஹைபிரிட்டின் எஞ்சின் மட்டும் அடங்கிக் கிடக்கும். ஆனால் உள்ளே ஏ.சி. ஓடியாக வேண்டும், பேட்டரியோ ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாதது, சில நிமிடங்களில் எஞ்சின் எழுந்து அதற்குத் தீனி போடத் தொடங்குகிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததெனக் கொண்டாடப்பட்ட அதே வறண்ட வெயில் மைலேஜுக்கு உகந்ததாக இல்லை.

அப்படியும் நெரிசலில் இவ்வண்டி மிச்சம்பிடிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அதன் மதிப்பு சரிவது விருதுநகரையும் சாத்தூரையும் கடக்கும் நான்குவழிச் சாலையில்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், 90இலிருந்து 120க்குப் போகும் வண்டி முக்கால் பங்கிற்கும் கூடுதலான எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருக்கிறது. பிரேக்குக்கு வேலையில்லாத இடத்தில் பேட்டரிக்கு வரவும் இல்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு கலக்கும் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலினுடையதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே என்பதையும் இத்துடன் சேர்க்கலாம். இருப்பினும் மதுரையை எவ்வளவு விரைவில் தொட்டார் என்று மார்தட்டியவரே மறுநாள் மைலேஜ் இல்லை என்று சர்வீஸ் சென்டரில் பஞ்சாயத்து வைக்கும்போது எத்தனாலை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது.

எஞ்சியது வணிகக் கணக்கு. லிட்டருக்கு 10 கொடுத்த வண்டியை விட்டு 15 கொடுப்பதற்கு மாறினால் 100 கிலோமீட்டருக்கு 3.33 லிட்டர் மிச்சம். 20இலிருந்து 28க்கு மாறினால், ஏற்றம் பெரிதாகத் தெரிந்தாலும், மிச்சம் 1.43 லிட்டரே. ஹைபிரிட்டுக்குக் கூடுதல் விலை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 143 ரூபாய், 143 ரூபாயாகத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இதுவும் ஆய்வக எண்ணை அப்படியே நம்பிப் போட்ட கணக்குத்தான்.