ஆடிப்பெருக்கு

எங்கள் எதிர் ஃப்ளாட் மாமிக்குப் புருவ மத்தியில் இரண்டு கோடுகள் இருந்தன. விபூதிப் பட்டை படுக்கையாக ஓடும் அல்லவா, இவை செங்குத்தாக ஓடும். முப்பது வருஷம் குடும்பம் நடத்திச் சம்பாதித்தவை. அவை கொஞ்சம் ஆழமானால் போதும்; வேலைக்கு வரும் பெண் வாணலியை மறுபடி தேய்ப்பாள், பேரன் டிவியை அணைப்பான், மாட்டுப்பெண் செல்போனைக் குப்புறக் கவிழ்ப்பாள், தள்ளுவண்டிக் கீரைக்காரர் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைப்பார். மார்கழியில் சபாவின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மாமி அந்தக் கோடுகளைச் சுருக்கினால், தம்புரா போடும் பெண் தன் மேல்தான் பிழை என்று பதறிப் பிருடையைத் திருகுவாள்.

இப்படி உழைத்த கோடுகளை மாமி காசு கொடுத்து அழித்துவிட்டார்.

காரணம் மாமாவின் அறுபதாம் கல்யாணம். "எங்க கல்யாணத்துல ஃபோட்டோக்காரன் மொத்தமே ரெண்டு ரோல்தான் எடுத்தான். அதுலயும் பாதி சமையல்காரா. இப்ப ட்ரோன் வரப் போறதுடி, மேலேர்ந்து பார்க்கும்" என்றார் என்னிடம். மேலேயிருந்து பார்த்தால் வகிடுதானே தெரியும் என்று கேட்க நினைத்தேன். கோடுகள் ஆழமாவது தெரிந்ததால் கேட்கவில்லை.

மாமி தனி ஆள் இல்லை. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை இந்த இனம் பெருகிக்கொண்டிருக்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடிந்தும் விடியாததுமாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடப்பார். மூன்று நாள் கபாலி கோயில் பக்கமே காணோம். நாலாம் நாள் வந்தால் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிடுவார். நாம் முகத்தைப் பற்றி வாய் திறப்பதற்குள் "கடைவாய்ப்பல் பிடுங்கிண்டேன்" என்று முந்திக்கொள்வார். எங்கள் தெருவில் இந்த இரண்டு வருஷத்தில் பிடுங்கியதாகச் சொல்லப்பட்ட பற்களைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஐம்பது பல் முளைத்திருக்க வேண்டும். தலைக்குச் சாயம் பூசுவதைச் சொல்வார்கள். முட்டி மாற்று ஆபரேஷனின் எக்ஸ்ரேயைப் பட்சணத் தட்டோடு சேர்த்தே நீட்டுவார்கள். முகத்தில் போட்ட ஊசி மட்டும் பரம ரகசியம்.

எனக்குத் தெரிந்தது துணைக்குப் போனதால். நாள் பார்த்ததில் மாமியின் சாமர்த்தியத்தைச் சொல்லியாக வேண்டும். ஆடியில் யார் வீட்டிலும் விசேஷம் கிடையாது. முகம் எப்படி இருந்தாலும் பார்க்க ஆள் இல்லை. மாமாவின் நட்சத்திரம் ஆவணி முதல் வாரத்தில் வருகிறது. ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. அன்று தொடங்குவது எதுவும் பெருகும் என்பது மாமியின் மாமியார், எண்பத்து நாலு வயதுப் பாட்டி, சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கே அடையாறில் ஒரு க்ளினிக்கில் நேரம் வாங்கிவிட்டார்.

டாக்டர் சின்னப் பெண். "ஃபங்ஷனுக்கு ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே ஆன்ட்டி" என்று ஆரம்பத்திலேயே சொன்னாள். மாமி அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு முக்கியமான கேள்வி வேறு.

"இதெல்லாம் சைவம்தானே?"

கன்னத்தில் போடுவது ஃபில்லர். ஹயலுரானிக் அமிலம் என்று பெயர். நம் தோலிலும் மூட்டிலும் இருப்பதுதான். ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவை வைத்துப் புளிக்க வைத்து எடுக்கிறார்கள் என்று விளக்கினாள் டாக்டர்.

"புளிக்க வெச்சுன்னா? தயிர் மாதிரியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்களேன்."

மாமி தயிருக்குச் சம்மதித்தார். நெற்றிக்குப் போகும் போடாக்ஸைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். வெளியே உட்கார்ந்திருந்த மாமா மறக்கவில்லை. தேனாம்பேட்டை ஏஜி ஆபீஸில் தணிக்கை பார்த்து, அந்த மாசக் கடைசியில் ஓய்வு பெற இருந்தவர்; எதையும் அடிவரை படிக்காமல் விடமாட்டார். 1820களில் யூஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மன் டாக்டர், கெட்டுப்போன தொத்திறைச்சி தின்றவர்கள் கைகால் விழுந்து சாவதை ஆராய்ந்தாராம். லத்தீனில் பொட்டுலஸ் என்றால் தொத்திறைச்சி. அந்த விஷத்துக்குப் பெயர் வந்தது அதிலிருந்து. அதையே துளித்துளியாக வைத்து மாறுகண்ணைச் சரிசெய்யலாம் என்று கண்டவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட். வான்கூவரில் கணவன் தோல் டாக்டர், மனைவி கண் டாக்டர். இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்மணிக்கு நெற்றிச் சுருக்கமும் போனதை அந்தக் கண் டாக்டர் கவனித்ததில்தான் இந்த அழகு வியாபாரமே பிறந்தது. 2002-ல் அமெரிக்க அரசு புருவக் கோட்டுக்கு அனுமதி கொடுத்தது. இதையெல்லாம் மாமா எனக்குத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினார். மருந்துக் குப்பியில் மனித ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் கலந்திருக்கிறது என்ற வரி வந்ததும் செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்தால் பதினெட்டாம் பெருக்குச் சமையல். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று நாலு சாதம், வடாம், அப்பளம், மாவடு. மாமி ஒன்றையும் விடவில்லை. ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள், தலையை உயர்த்தி வைத்துத் தூங்குங்கள் என்று டாக்டர் கொடுத்த சீட்டு, மாவடு ஜாடிக்கு அடியில் கிடந்தது.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிரே ஒரு பெரிய முகம் நின்றது. மாமியின் மூக்குத்தி எனக்குத் தெரியும், அது இருந்தது. மற்றதெல்லாம் புதுசு. கன்னங்கள் கண்ணை நோக்கிப் புறப்பட்டிருந்தன. வலது பக்கம் இடதைவிட அரை அங்குலம் முந்தியிருந்தது.

"பெருகும்னு சொன்னாளே, பெருகியாச்சு" என்றார் மாமா உள்ளேயிருந்து.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஊசி குத்தின இடம் வீங்கத்தான் செய்யும். போதாததற்கு அந்தப் பொருளின் தொழிலே அக்கம்பக்கத்துத் தண்ணீரை இழுத்துக் கட்டிவைப்பது. இரண்டு மூன்று நாள் ஏறும், அப்புறம் தானாக வடியும், முழுக்கச் சமனாக இரண்டு வாரம்கூட ஆகலாம். லாரிக்குப் பதிவு பண்ணிவிட்டுக் குடத்தோடு காத்திருக்கும் இந்த ஊரில், கேட்காமலே தண்ணீர் வந்து சேரும் ஒரே இடம் மாமியின் கன்னம்தான். இதைச் செம்பரம்பாக்கத்துக்குப் போட்டிருந்தால் தேவலை.

பாட்டி மட்டும் நிதானமாக இருந்தார். "எங்க காலத்துல மூஞ்சி வீங்கினா பல்வலின்னு அர்த்தம். டப்பா செட்டி கடையில சுக்கு வாங்கி அரைச்சுப் பத்துப் போடு" என்றார். தடவக்கூடாது, தேய்க்கக்கூடாது என்று டாக்டர் போனில் கத்தாத குறை. பேசி முடிப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டாள்: தோல் எங்காவது வெளுத்திருக்கிறதா, தாங்க முடியாத வலி இருக்கிறதா, பார்வை மங்குகிறதா? இதில் ஒன்று இருந்தால்கூட, ராத்திரி எந்நேரமானாலும் உடனே கிளம்பி வரவேண்டும். ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், அது விளையாட்டில்லை. மூன்றும் இல்லை. "அப்ப பொறுமையா இருங்க ஆன்ட்டி."

பொறுமை என்ற மருந்துக்கு மயிலாப்பூரில் மரியாதை கிடையாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து. நாலாம் நாள், ஆகஸ்ட் 7, மாமி புடவைத் தலைப்பை முகத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டு ஆட்டோ ஏறினார். லஸ்ஸில் மெட்ரோ தோண்டிய பள்ளங்களில் ஆட்டோ குதித்த ஒவ்வொரு தரமும் கன்னங்கள் அரை விநாடி தாமதமாகக் குதித்தன.

தி.நகரில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் அக்குபங்சர் வைத்தியர். எழுபது வயதிருக்கும். கீழே உஸ்மான் ரோடு முழுக்க ஆடித் தள்ளுபடிக் கூட்டம்; மேலே ஊதுவத்தி மணம், சுவரில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு சீன மனிதர், பக்கத்தில் டாக்டர் கோட்னிஸ் படம். 1938-ல் இந்தியாவிலிருந்து சீனப் போருக்கு உதவப் போன ஐந்து டாக்டர்களில் ஒருவர் சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ். 1942-ல் அங்கேயே இறந்துபோனார். கூடப் போன டாக்டர் பி.கே.பாசுதான் பின்னால் மறுபடி சீனாவுக்குப் போய் ஊசி வைத்தியத்தைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். 2019-ல் மத்திய அரசு இதைத் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்திருக்கிறது. வைத்தியர் இந்த வரலாற்றை விஸ்தாரமாகச் சொன்னார். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "கோட்னிஸ் சீனாக்காரியைக் கல்யாணம் பண்ணிண்டாராமே, அவாத்துல ஒத்துண்டாளா?" என்றார்.

ஆனால் மனிதர் யோக்கியர். டாக்டர் கேட்ட அதே மூன்று கேள்விகளை அவரும் கேட்டார். "முகத்துல இப்ப கைவைக்க மாட்டேன். அவங்க போட்டது உள்ள படியணும். நான் கையிலயும் கால்லயும்தான் போடுவேன்" என்றார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். மாமி நீட்டினார். ஓரத்தில் பல் பதிந்த தடம் இருந்ததைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மண்ணீரல்ல ஈரம்மா. பேர்லயே நீர் இருக்கு பாருங்க."

"அது நீர் இல்லை, ஈரல். மண் கூட்டல் ஈரல்" என்றார் பின்னாலேயே வந்து சேர்ந்த மாமா, வாசல்படியிலிருந்து. செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"எதுவானாலும் ஈரம்தான் சார். தயிரை நிறுத்தணும்."

மாடியில் ஓடின மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. தயிரை நம்பித்தான் மாமி கன்னத்தையே கொடுத்தார். இப்போது கன்னத்துக்காகத் தயிரைக் கொடுக்கச் சொல்கிறார்கள். தயிர் சாதமில்லாமல் எழுந்திருப்பது பாதிக் கச்சேரியில் எழுந்து போவது மாதிரி என்று வாதாடிப் பார்த்தார். மோர், அதுவும் நீர்மோர், அதுவும் மத்தியானம் மட்டும் என்று பேரம் படிந்தது. ஊறுகாயும் வடாமும் ஒரு வாரத்துக்கு இல்லை. உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பதில் சீனாவுக்கும் அடையாறுக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

புது ஊசிப் பாக்கெட்டை எங்கள் கண் முன்னால் பிரித்தார். முடிபோல் மெல்லிசு, கால் மில்லிமீட்டர்தான் கனம். சின்னக் குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச்சதையில் ஒன்று. ஹெகு என்று பெயர், முகத்துக்கு உள்ள புள்ளியே அதுதான் என்பது சீனர்கள் கணக்கு. முட்டிக்குக் கீழே இன்னொன்று. அதைத் தூண்டினால் களைத்தவன்கூட மூன்று லீ தூரம் நடப்பானாம். மூன்று லீ என்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். மாமி அன்றைக்கு அதை ரங்கநாதன் தெருவில் நடந்து தீர்த்து, நாலு ஜாக்கெட் பிட்டும் ஒரு எவர்சில்வர் அடுக்கும் வாங்கினார்.

இரண்டாம் தடவை போனபோதுதான் வேடிக்கை. அதற்குள் போடாக்ஸ் முழுசாக வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. வைத்தியர் ஊசியைச் செருகி, லேசாகத் திருகி, முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கறது."

இன்னும் கொஞ்சம் திருகினார். "இப்ப?"

"ரொம்ப வலிக்கறதுய்யா!"

"முகத்துல ஒண்ணும் தெரியலியே."

நாற்பது வருஷமாக நோயாளி முகத்தைப் பார்த்து ஊசியை நிறுத்தியவர். மாமியின் நெற்றியோ சலவைக்கல் மாதிரி கிடந்தது. கடைசியில் மாமி காலை உதறினார். அதிலிருந்து கால் கட்டைவிரலைப் பார்த்து வைத்தியம் நடந்தது.

மாமா இதற்கிடையில் தினம் காலை ஏழு மணிக்கு, அதே ஜன்னல், அதே நாற்காலி, ஒரு ஃபோட்டோ எடுத்துக் கோப்பு போட்டிருந்தார். 14-ஆம் தேதி நாலாவது சிட்டிங் முடிந்து, "முகம் பழைய மாதிரி ஆயிடுத்து, தெய்வம் அந்த மனுஷர்" என்று மாமி சொன்னதும் கோப்பைத் திறந்தார்.

"வீக்கம் உச்சத்துல இருந்தது அஞ்சாம் தேதி. ஆறாம் தேதியே இறங்க ஆரம்பிச்சாச்சு. ஊசி போட்டது ஏழாம் தேதி. வரவை அவர் கணக்குல எழுதறதுக்கு ஆடிட் ஆட்சேபணை."

மாமி கொஞ்சமும் அசரவில்லை. "அவர் போடப் போறார்னு தெரிஞ்சே வடிஞ்சுடுத்து."

என்னைக் கேட்டால் மாமா கட்சிதான். வீக்கத்தை வடித்தது நாள்காட்டி. வைத்தியருக்குப் பங்கு உண்டென்றால், அந்த ஒரு வாரமும் மாமியை மாவடு ஜாடியிடமிருந்தும் கண்ணாடியிடமிருந்தும் பிரித்துவைத்த பங்கு. அதைச் சின்ன உபகாரம் என்று சொல்லமாட்டேன். சும்மா இருக்கச் சொன்னால் மாமி சுக்குப் பற்றையாவது போட்டுக்கொண்டிருப்பார்.

அறுபதாம் கல்யாணம் ஜோராக நடந்தது. மாமி முகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "இளைச்சுட்டேளே" என்றார்கள் நாலு பேர். பல் பிடுங்கின கதையை அவர்களுக்கும் சொன்னார். மாங்கல்யதாரணத்தின்போது மாமா அழுதுவிட்டார், பாட்டி அழுதார், பெங்களூர் நாத்தனார்கூட மூக்கை உறிஞ்சினார். மாமியும் அழுததாகத்தான் சத்தியம் செய்கிறார். வீடியோவில் அவர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் இருக்கிறார்.

சங்கடம் அப்புறம்தான் தெரிந்தது. வேலைக்காரப் பெண் வாணலியை ஒரே தடவை தேய்த்தாள். பேரன் பத்து மணிவரை டிவி பார்த்தான். மாட்டுப்பெண் சாப்பாட்டு மேஜையிலேயே ரீல்ஸ் பார்த்துச் சிரித்தாள். மாமி முறைத்துக்கொண்டுதான் இருந்தார், யாருக்கும் தெரியவில்லை. கீரைக்காரர் கட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினார்.

நெற்றி ஊசியின் ஆயுள் மூன்று, நாலு மாசம். நவம்பர் கடைசியில் க்ளினிக்கிலிருந்து ஞாபகப்படுத்திச் செய்தி வந்தது. "வரலைன்னு போட்டுடுடி" என்று போனை என்னிடம் நீட்டினார் மாமி. "சீசன் வந்தாச்சு. அபஸ்வரம் விழுந்தா நான் எதை வெச்சுண்டு சொல்றது?"

நேற்றுக் காலை கீரைக்காரர் இரண்டு ரூபாய் குறைத்தார்.